சைடு கொடுத்தால் கோழையா?

தினமும் 40 கிலோமீட்டர், நடுவில் தடுப்பு இல்லாத இருவழி கிராமத்துச் சாலையில் போய் வருகிறீர்கள். பின்னால் ஒருவர் பம்பரை முட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு பிரைட் அடிக்கிறார். வளைவில் எதிரே வருபவர் நடுக்கோட்டைத் தாண்டி உங்கள் பக்கத்துக்கு வந்துவிடுகிறார். சில நாள்களில், முன்னே போகிற வண்டியே பாம்பு மாதிரி நெளிகிறது. இவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது, ஹாரனா, லைட்டா, இல்லை மடக்கி நிறுத்திக் கேட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. கடைசி வரியில், ஒதுங்கி வழி விட்டால் மனைவி “இவ்வளவு பயமா?” என்று கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நிஜமான கேள்வி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. புரிய வைப்பதற்கு வழி இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து இன்னொரு ஓடுகிற வண்டிக்கு யாரும் பாடம் நடத்த முடியாது. அவர் எப்படி ஓட்டினாலும் நீங்கள் முழுசாக வீட்டுக்குப் போவது எப்படி என்று கேட்டால், சொல்ல நிறைய இருக்கிறது.

11 வருடம் லாரி ஓட்டினேன். அதற்குப் பிறகு 14 வருடமாக, கற்றுக்கொள்பவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இன்னொரு பிரேக்கின் மேல் கால் வைத்துக்கொண்டு வாழ்க்கையை ஓட்டுகிறேன். பைக்கில் எனக்கு அனுபவம் குறைவு என்பதால் கீழே எழுதுவதெல்லாம் காரை மனத்தில் வைத்துத்தான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு, மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 22 மீட்டர் போகும். எதிரே வருபவரும் அதே 80 என்றால், இரண்டு பேருக்கும் நடுவில் நொடிக்கு 44 மீட்டர் கரைகிறது. 150 மீட்டர் தள்ளி ஒரு வளைவிலிருந்து அவர் உங்கள் பக்கத்தில் வெளிப்பட்டால் உங்கள் கையில் இருப்பது மூன்றரை நொடிக்கும் குறைவு. அதில் ஒன்று, ஒன்றரை நொடி ‘என்னது இது’ என்று கண்ணும் மூளையும் ஒத்துக்கொள்வதற்கே போய்விடும். நீங்கள் 50-ல் போனால், சுதாரிக்கும் நேரத்தையும் சேர்த்து, காய்ந்த தார் ரோட்டில் சுமார் 35 மீட்டரில் நிற்கலாம். 80-ல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். மோதினால் உங்கள் வண்டி சுமந்து வரும் ஆற்றல் இரண்டரை மடங்குக்கு மேல். எதிராளியின் புத்தி, போதை, அவசரம் எதுவும் உங்கள் கையில் இல்லை. உங்கள் வேகம், சாலையில் நீங்கள் இருக்கும் இடம், முன்னும் பின்னும் இருக்கும் இடைவெளி, இந்த மூன்றுதான் உங்களுடையவை.

பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவரை எடுத்துக்கொள்வோம். தினசரித் தொல்லை அதுதான். இந்த நிலைமையில் எல்லோரும் ரியர் வியூ கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கால் தன்னாலே ஆக்சிலேட்டரை அழுத்தும். அவர் தள்ளுகிற வேகத்துக்கு நீங்கள் ஓடுகிறீர்கள், ஆனால் அவர் அப்போதும் அதே தூரத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருப்பார். இப்போது இரண்டு பேரும் வேகமாகப் போகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்லிக்கொடுப்பது இதற்கு நேர் எதிர். பின்னால் இடைவெளி இல்லையென்றால் அந்த இடைவெளியை முன்னால் உண்டாக்குங்கள். முன்னே போகும் வண்டி ஒரு மரத்தையோ கம்பத்தையோ கடக்கும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று எண்ணுங்கள். நீங்கள் அந்த மரத்துக்கு வருவதற்குள் சாதாரண நாளில் இரண்டு, மூன்று வரை எண்ணியிருக்க வேண்டும். பின்னால் ஒருவர் ஒட்டியிருந்தால் நான்கு, ஐந்து. காரணம் எளிது. இப்போது நீங்கள் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து பிரேக் போட வேண்டியிருக்கிறது. முன்வண்டி திடீரென்று நின்றால் நீங்களும் சடக்கென்று நிற்பீர்கள், பின்னால் வருபவருக்கு இடம் இருக்காது. முன்னால் நிறைய இடம் இருந்தால் மெதுவாக, நீளமாக பிரேக் போடலாம். முதலில் பெடலை லேசாகத் தொட்டு, பின்விளக்கு எரிந்து அவர் கண்ணில் பட்ட பிறகு அழுத்தலாம். திரும்ப வேண்டுமென்றால் இண்டிகேட்டரை வழக்கத்தைவிட ரொம்ப முன்னாலேயே போடுங்கள்.

நேரான, எதிரே காலியான இடம் வந்ததும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கொஞ்சம் ஓரம் வந்து, அவரை விட்டுவிடுங்கள். அவர் ஏறி வரும்போது மட்டும் வேகத்தைக் கூட்டவே கூடாது. இது வெறும் நாகரிகம் இல்லை. சாலைப் போக்குவரத்துக்கான 1968 வியன்னா உடன்படிக்கையிலேயே, முந்திச் செல்லப்படுபவர் ஓரத்தை ஒட்டிப் போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் எழுத வேண்டிய அளவுக்கு மனித ரோஷம் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. முந்த இடமே இல்லாத சாலை என்றால், அகலமான மண் ஓரம் வரும்போது இண்டிகேட்டர் போட்டு முழுசாக ஒதுங்கி நின்றுவிடுங்கள். பத்து நொடி வேலை.

பிரேக்கை அடித்து அவரைப் பயமுறுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நினைத்திருப்பீர்கள், நினைக்காதவர் யாரும் இல்லை. நான் செய்தே இருக்கிறேன். லாரி ஓட்டத் தொடங்கி இரண்டாம் வருடம். பின்னால் ஒரு வேன், விடாமல் ஹாரன். பாடம் கற்பிக்கிறேன் என்று சட்டென்று பெடலை மிதித்தேன். அவர் கட் அடித்து என் லாரியைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார். எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர். வேன் அவரை உரசாமல் போனது என் சாமர்த்தியம் இல்லை, அந்த வேன் ஓட்டுநருடையதும் இல்லை. பெரியவர் சைக்கிளோடு மண்ணில் சரிந்து, எழுந்து, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் பேசவில்லை. பாடம் கற்பிக்கும் ஆசை அன்றைக்கே போய்விட்டது.

ஹாரனையும் லைட்டையும் பற்றி. கண் தெரியாத வளைவுக்கு முன் ஒரு ஹாரன், இரவு என்றால் லைட்டை ஒருமுறை ஏற்றி இறக்குவது, இவை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சொல்வதற்கு. அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். அதைத் தாண்டி வேறு அர்த்தம் வைத்து அடிக்கிற லைட்டை நம்பாதீர்கள். லைட் அடிப்பது ஓரிடத்தில் ‘நீ வா’ என்று பொருள், இன்னோரிடத்தில் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். அடிப்பவர் ஒன்று நினைப்பார், பார்ப்பவர் வேறொன்று நினைப்பார், நடுவில் இரண்டு வண்டிகள். கோபத்தில் அடிக்கிற நீளமான ஹாரன், ஏற்கெனவே படபடப்பாக இருப்பவரை இன்னும் படபடப்பாக்கும், வேறு பலன் இல்லை.

அடுத்து, உண்மையிலேயே ஆளைக் கொல்லக்கூடியது: வளைவில் உங்கள் பக்கம் வருபவர். 6 மீட்டர் தார் இருக்கிற சாலையில் ஆளுக்கு 3 மீட்டர். ஒரு பேருந்தோ லாரியோ சுமார் இரண்டரை மீட்டர் அகலம். அதாவது அவர் ஒழுங்காக ஓட்டினாலே இருபுறமும் ஒரு சாண் அளவுதான் மிச்சம். வளைவில் நீண்ட வண்டியின் பின்பகுதி உள்பக்கமாக இழுக்கும் என்பதால் அவர் விரும்பாமலேயேகூட நடுவுக்கு வருவார். காரில் வருபவர் வேகத்தைக் குறைக்க மனமில்லாமல் வளைவை நேராக்கிக்கொண்டு வருவார். இரண்டு பேருக்கும் ஒரே முன்னேற்பாடுதான்: வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உங்கள் பக்கத்தின் வெளி ஓரத்தை ஒட்டிப் போங்கள். பிரேக் வளைவுக்கு முன்னால்தான், வளைவுக்குள் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற தூரத்தின் பாதிக்குள் நிற்க முடிகிற வேகமா என்று ஒவ்வொரு வளைவிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பாதி ஏன் என்றால், மறுபாதியை எதிரே வருபவர் தின்றுகொண்டு வருவார். மேடேறி உச்சியைத் தாண்டும் இடத்துக்கும் இதே கணக்கு.

அப்படியும் அவர் நேராக உங்கள் பக்கத்தில் வந்துவிட்டால்? முதல் வேலை பிரேக், முழுசாக. அதோடு உங்கள் பக்கத்து வெளி ஓரத்துக்குப் போங்கள். எந்தக் காரணத்துக்காகவும் எதிர்ப்பக்கத்துக்கு ஒடிக்காதீர்கள், அந்தப் பக்கம் காலியாகத் தெரிந்தாலும்கூட. கடைசி நொடியில் அவர் கண் விழித்தால் எங்கே திரும்புவார்? தன்னுடைய பக்கத்துக்குத்தான். அங்கே நீங்கள் போய் நிற்பீர்கள். இதுவரை சொன்னது உறுதி. உறுதியில்லாதது, ஓரத்தைத் தாண்டி மண்ணில் எவ்வளவு தூரம் இறங்கலாம் என்பது. நேருக்கு நேர் மோதுவதைவிட உரசிக்கொண்டு போவதோ புதருக்குள் இறங்குவதோ பெரும்பாலும் மேல். ஆனால் ஓரத்தில் இருப்பது பெரிய மரமா, மதகுச் சுவரா, நிரம்பிய கால்வாயா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். இதற்கு யாராவது ஒரே விதி சொன்னால் நம்பாதீர்கள். ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதை ஓட்டும்போதே கவனித்துக்கொண்டு வருவதுதான் நான் செய்வது. தினமும் போகிற சாலை உங்களுடையது, அது உங்களுக்குப் பெரிய சாதகம். எந்த வளைவில் ஒதுங்க இடம் உண்டு, எதில் கிடையாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மண்ணில் இறங்குவதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எதிராளியிடம் தப்பித்துவிட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தாரின் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு நான்கு விரல் உயர வித்தியாசம் இருக்கும். ஒரு பக்கச் சக்கரங்கள் கீழே இறங்கியதும் ஸ்டீயரிங் கையில் உதறும். உடனே மேலே ஏற ஸ்டீயரிங்கைத் திருப்புவோம். டயரின் பக்கச் சுவர் அந்த விளிம்பில் தேய்ந்துகொண்டே ஏற மறுக்கும். இன்னும் கொஞ்சம் திருப்புவோம். சட்டென்று ஏறும்போது சக்கரம் அளவுக்கு மேல் திரும்பியிருக்கும், வண்டி ஒரே பாய்ச்சலில் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும், இல்லையென்றால் கவிழும். செய்ய வேண்டியது: இறங்கிவிட்டால் இறங்கியே போங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்டு, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு, விளிம்பு தாழ்வாக இருக்கும் இடம் பார்த்து நிதானமாக ஏறுங்கள். ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, இருக்கிற வண்டியில் பிரேக்கை முழுசாக மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியும். ஆனால் தளர்ந்த மண்ணிலும் சரளையிலும் அதே ஏபிஎஸ் நிற்கும் தூரத்தைக் கூட்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் சக்கரம் பூட்டிக்கொண்டால், ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் வண்டி நேராகத்தான் போகும். பிரேக்கைக் கொஞ்சம் விட்டால்தான் திரும்பும்.

எதிரே ஒருவர் லாரியை ஓவர்டேக் செய்துகொண்டு உங்களை நோக்கி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ல் போகும் லாரியை 80-ல் முந்த, முன்னும் பின்னும் விடும் இடைவெளியெல்லாம் சேர்த்து, 11 நொடி ஆகலாம். அதற்குள் அவர் 240 மீட்டர் ஓடியிருப்பார். நீங்களும் 80-ல் வந்தால் அதே அளவு ஓடியிருப்பீர்கள். கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காலியாக இருந்திருக்க வேண்டும், அவரோ ‘போயிடலாம்’ என்று ஒரு ஊகத்தில் ஏறியிருப்பார். தப்பு அவருடையது. ஆனால் அவர் நடுவழியில் இருக்கும்போது முடிவெடுக்கிற வசதி உங்களுக்குத்தான் அதிகம். பிரேக் போட்டு, ஓரம் வந்து, அவருக்கு இரண்டு நொடி கொடுங்கள். ‘என் வழி, நான் ஏன் குறைக்க வேண்டும்’ என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வாதம் சரியானதுதான், இன்சூரன்ஸ்காரரிடம் செல்லுபடியும் ஆகும்.

முன்னால் நெளிந்து போகிற வண்டிக்கு வருவோம். ஒருமுறை சாயங்காலம், பக்கத்தில் கற்றுக்கொள்ளும் பெண் ஓட்டிக்கொண்டிருந்தார். முன்னே ஒரு சின்னக் கார். வேகம் ஒன்றும் அதிகமில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதன் ஓரச் சக்கரத்திலிருந்து மெல்லிய புழுதி கிளம்பும், அடங்கும். கார் மெதுவாக ஓரத்துக்கு நழுவும், மண்ணைத் தொட்டதும் வெடுக்கென்று நடுவுக்கு வரும், மறுபடி நழுவும். “முந்திடலாமா சார், பயமா இருக்கு” என்றார். வேண்டாம், மதகுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள் என்றேன். நிறுத்திய கையோடு அவசர உதவி எண்ணுக்கு அழைத்து, சாலை, போகும் திசை, காரின் நிறம் ஆகியவற்றைச் சொன்னோம். பத்து நிமிடம் கழித்துக் கிளம்பினால், அடுத்த திருப்பத்தில் அந்தக் கார் வரப்பில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளே இருந்தவருக்கு அடி இல்லை. கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முந்தைய இரவு முழுக்கத் தூங்கவில்லை என்றார். ஒரு சொட்டு மதுகூடக் குடிக்கவில்லை.

மெதுவாக நழுவி வெடுக்கென்று திரும்புவது தூக்கத்தின் அடையாளம் என்று சொல்வார்கள். போனைப் பார்ப்பவரும் அப்படித்தான் ஓட்டுவார், போதையில் இருப்பவரும் சில சமயம் அப்படித்தான். சர்க்கரை அளவு திடீரென்று இறங்கியவர்கூடப் போதையில் இருப்பவர் போலவே தெரிவார். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பல நாடுகளில் அதுவே சட்டம் அனுமதிக்கும் எல்லை. ஆகவே பின்னாலிருந்து பார்த்து ‘குடிகாரன்’ என்று முடிவு கட்டாதீர்கள். முடிவு கட்டத் தேவையும் இல்லை, காரணம் எதுவானாலும் நீங்கள் செய்வது ஒன்றுதான்: பின்தங்குவது. முந்திவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்று தோன்றும். முந்துகிற அந்தப் பத்து நொடி அவர் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். முந்திய பிறகு அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். அவர் முன்னால் போகிற வரை அவரைக் கண்ணாலாவது பார்த்துக்கொண்டிருக்கலாம். போன் செய்வதை நீங்கள் ஓட்டிக்கொண்டே செய்யாதீர்கள், கூட இருப்பவர் செய்யட்டும். தனியாகப் போனால் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

தறிகெட்ட ஓட்டம் எல்லாம் வேகத்தால் வருவதும் இல்லை. இண்டிகேட்டர் இல்லாத டிராக்டர் சொல்லாமல் வயலுக்குத் திரும்பும். அதற்கு ஓட்டுநரின் தலையைப் பாருங்கள், திரும்புவதற்கு முன் பெரும்பாலானோர் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார்கள். முன்சக்கரத்தையும் பாருங்கள். வண்டி நகர்வது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சக்கரம் திரும்பியிருக்கும்.

இரவில் பிரைட்டை இறக்காமல் வருபவருக்குப் பதிலுக்கு பிரைட் போட்டால் கண் தெரியாத ஓட்டுநர்கள் இரண்டு பேர் ஆகிறார்கள். நீங்கள் டிம் செய்துவிட்டு, பார்வையை உங்கள் பக்கத்துச் சாலை விளிம்புக்குத் தாழ்த்தி, வேகத்தைக் குறையுங்கள். அவர் கடந்து போன பிறகும் கண் பழைய நிலைக்கு வர சில நொடி பிடிக்கும். இருட்டில் நடந்து போகிறவர் அந்த நொடிகளில்தான் தெரியாமல் போவார்.

மடக்கி நிறுத்திக் கேட்பது பற்றி: வேண்டவே வேண்டாம். அவர் எந்த நிலையில் இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் ஆளில்லாத சாலையில் இறங்கிப் போகிறீர்கள். அவர் உங்களைத் துரத்த ஆரம்பித்தால் வீட்டுக்குப் போகாதீர்கள், வீட்டைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். கதவைப் பூட்டிக்கொண்டு, காவல் நிலையமோ ஆட்கள் நடமாட்டமோ இருக்கிற இடத்துக்குப் போங்கள். கேமரா பொருத்தலாமா என்றால் பொருத்துங்கள், நடந்ததற்குச் சாட்சியாக உதவும். நடக்காமல் தடுக்க உதவாது.

உங்கள் மனைவி கேட்டதற்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 40 கிலோமீட்டரை 80-ல் போனால் 30 நிமிடம், 60-ல் போனால் 40 நிமிடம். முழு வழியும் தடையில்லாமல் ஓடினால் கிடைக்கும் அதிகபட்ச லாபமே பத்து நிமிடம்தான். கிராமத்துச் சாலையில், ஊர்களும் ஆடுமாடுகளும் வளைவுகளும் போக, அதில் பாதிகூட மிஞ்சாது. அவர் ஒருநாள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பின்னால் ஒட்டுபவருக்கு நீங்கள் சைடு கொடுத்த பிறகு வண்டிக்குள் எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. மயிரிழையில் தப்பினீர்கள் என்றால் அந்த நொடியில் ஒன்றும் தெரியாது, கை தன் வேலையைச் செய்துவிடும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்துத்தான் முழங்காலுக்குக் கீழே நடுங்கத் தொடங்கும். கிளட்ச் சரியாக விடுபடாது, கவனம் எல்லாம் நடந்ததிலேயே இருக்கும். அப்போது அடுத்த அகலமான ஓரத்தில் நிறுத்தி, இறங்கி, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, டயர்களைப் பாருங்கள், மண்ணில் இறங்கியிருந்தால் பக்கச் சுவர் கிழிந்திருக்கலாம்.